ஓடைக்கரையில் பொன்னாங்காணி மாதிரி ஒரு கீரை: பறிக்கலாமா?

குருமணல்

வணக்கம். நாங்கள் சிட்னியில் டூங்காபி பக்கம் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடை. அது வளைகிற இடத்தில் தண்ணீர் தேங்கி, கோரையும் சம்பும் வளர்ந்து சதுப்பாகக் கிடக்கும். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கம் நடந்தபோது கரை முழுக்கப் பாய் விரித்த மாதிரிப் பொன்னாங்காணி. வந்த நாளிலிருந்து அம்மா தேடியது அதைத்தான். ஒரு பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இன்னும் சமைக்கவில்லை.

இதைச் சாப்பிடலாமா? தண்டை வீட்டுத் தோட்டத்தில் நட்டால் பிடிக்குமா? இன்னொன்று, அதே கரையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் மண்டியிட்டு எதையோ பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நகரசபை ஆட்கள் மாதிரியும் தெரியவில்லை. யார் அவர்கள்?

பனங்காடு

பொன்னாங்காணி தண்டு ஒன்று போதும், ஒரு மாதத்தில் பாத்தி நிரம்பும். நட்டுவிடுங்கள். ஓடையில் பறித்ததைச் சாப்பிடுவது மட்டும் யோசிக்க வேண்டியது. சாலைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது.

ஓடைக்கரை

குருமணல், தயவுசெய்து நடாதீர்கள். சமைக்கவும் வேண்டாம். பையைத் திறந்து ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, காகிதம் மாதிரி, சின்ன உருண்டையாக இருக்கும். அந்தப் பூ இலையின் கக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா, இல்லை தனியாக ஒரு காம்பில் நீட்டிக்கொண்டு நிற்கிறதா?

ஒட்டியிருந்தால் அது நம் பொன்னாங்காணி அல்லது அதன் நெருங்கிய உறவு. சில சென்டிமீட்டர் காம்பில் நின்றால் அது அலிகேட்டர் வீட் என்ற களை. இலை, தண்டு, கணு எல்லாம் பொன்னாங்காணியை அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஒரே பேரினம், அக்கா தங்கை மாதிரி. பொன்னாங்காணியின் தாவரவியல் பெயர் அல்டெர்னாந்தெரா செசிலிஸ். செசிலிஸ் என்றாலே காம்பில்லாதது என்றுதான் பொருள். மற்றது அல்டெர்னாந்தெரா ஃபிலாக்ஸெராய்டிஸ், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை பையைக் கட்டி வையுங்கள். ஒரு துண்டு கூட வடிகாலில் விழ வேண்டாம்.

குருமணல்

பார்த்தேன். காம்பு இருக்கிறது. என் சுண்டுவிரல் நீளம் வரும். அம்மாவும் பார்த்துவிட்டு "எங்கட பூ இப்படி நிக்காது" என்கிறார். இலையைப் பார்த்து எப்படி ஏமாந்தேன் என்று அவருக்கு ஆற்றாமை.

தென்துருவம்

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் ஏமாந்ததில் ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டில் நம் ஆட்கள் கூட்டமாகவே ஏமாந்திருக்கிறோம்.

நான் மெல்பர்னில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். 1990களில் பிரிஸ்பேனிலும் மெல்பர்னிலும் இலங்கையர் வீட்டுத் தோட்டங்களில் இதே செடியைத்தான் கீரை என்று வளர்த்தார்கள். சிங்களவர்கள் முகுனுவென்ன என்பார்கள், நாம் பொன்னாங்காணி என்போம். ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் ஒருவர் தண்டு கொடுக்க, அடுத்தவர் வாங்கி நட, கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கைமாறிப் பரவியது. என் வீட்டிலும் இருந்தது. நானும் மூன்று பேருக்குக் கொடுத்தேன். களைத்துறை ஆட்கள் கண்டுபிடித்தபோது நூற்றுக்கணக்கான வீடுகளில் இருந்தது.

விக்டோரியாவில் அப்போது நடந்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். தண்டம் போடுவதில் அவர்கள் தொடங்கவில்லை. நம் மொழியில் விளக்கினார்கள். பிடுங்கிய இடத்தில் நடுவதற்கு வேறு ஒரு செடியும் தந்தார்கள். இந்த மண்ணிலேயே இயல்பாக வளர்கிற அல்டெர்னாந்தெரா டென்டிகுலாட்டா, பொன்னாங்காணிக்கு மிக நெருங்கியது, பூ ஒட்டியே இருக்கும். அதனால்தான் ஆட்கள் மனதார ஒத்துழைத்தார்கள். வேறு கீரை கொடுக்காமல் ஒரு மனிதரின் கையிலிருந்து கீரையைப் பறிக்க முடியாது.

ஓடைக்கரை

தென்துருவம் ஐயா, அந்த மாற்றுச் செடி விஷயத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், பெற்றுக்கொண்டவர் ஒருவரே சொல்லி இன்றுதான் கேட்கிறேன். நன்றி.

குருமணல், இனிச் செய்ய வேண்டியது. பையை இன்னொரு பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். தோட்டக் கழிவு போடுகிற பச்சைத் தொட்டியிலும் போடக்கூடாது, உரக்குழியிலும் போடக்கூடாது. நாளைக் காலை நகரசபைக்குப் போன் செய்து களை அலுவலரைக் கேளுங்கள். இடத்தைச் சொல்லுங்கள், படம் அனுப்புங்கள். அவர்கள் பையையும் வாங்கிக்கொள்வார்கள். நீங்களாகப் போய் மிச்சத்தைப் பிடுங்க வேண்டாம். எங்கள் குழுவே இந்த ஒரு செடியைத் தொடுவதில்லை.

ஏன் இவ்வளவு பயம் என்றால், ஆஸ்திரேலியாவில் இது முளைக்கிற விதை போடுவதில்லை. விதையே இல்லாமல் நாட்டைச் சுற்றுகிறது. கணுவோடு ஒரு துண்டு உடைந்தால் போதும். தண்ணீரில் மிதந்து போய் அடுத்த வளைவில் வேர் விடும். 1946இல் நியூகாசில் துறைமுகப் பக்கம் முதலில் பதிவானது, கப்பலின் அடிப்பாரத்தோடு வந்தது என்கிறார்கள். தண்ணீர் மேல் தடித்த மெத்தையாகப் படர்ந்துவிட்டால் கீழே வெளிச்சம் போகாது, மீனுக்கு மூச்சு முட்டும். 1977இல் இதைத் தின்னும் ஒரு சின்ன வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மிதக்கும் மெத்தையை அது நன்றாகத் தின்கிறது. கரையேறி மண்ணுக்குள் வேர்க்கிழங்கு போட்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்ப்பதும் விற்பதும் யாருக்கும் கொடுப்பதும் தடை.

அந்த ஏழெட்டுப் பேர் யார் என்று கேட்டீர்களே, அதில் நானும் ஒருத்தி. அடுத்த முறை பார்த்தால் கூப்பிடுங்கள். காட்டைப் பேணுகிற இந்த வேலையைப் புஷ்கேர் என்பார்கள். நகரசபை கையுறையும் கருவியும் ஒரு மேற்பார்வையாளரையும் தரும். வேலை தன்னார்வலருடையது. நான் திருச்சிக்காரி, ஆறு வருடமாகப் போகிறேன்.

வைகைக்கரை

நானும் அவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மணி நேரம் மண்டியிட்டு ஒரு அறை அளவு இடம் சுத்தம் செய்கிறீர்கள். அந்தக் கரை நெடுக லான்டானா, ப்ரிவெட் என்கிற களைப்புதர்கள் ஆள் உயரம் நிற்கின்றன. நகரசபை ஒரு ஜேசிபியை இறக்கினால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?

ஓடைக்கரை

வைகைக்கரை அண்ணா, முதல் வருடம் நானும் இதைத்தான் கேட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் பதில் சொல்லாமல் என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். சில வருடம் முன்பு இயந்திரம் வைத்து வழித்த இடம். ஒரு மரம் இல்லை, ஒரு உள்ளூர்ப் புல் இல்லை. லான்டானா முன்பை விட அடர்ந்து நின்றது, இடையில் பலூன் கொடி. வெறும் மண் கிடந்தால் முதலில் வருவது களைதான். அதன் விதைதான் மண்ணில் அதிகம், அதுதான் வேகம்.

இந்த வேலைக்கு முறை வகுத்தவர்கள் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் இருந்த ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற இரண்டு சகோதரிகள். 1960களில் துறைமுகத்தை ஒட்டிய காட்டில் தினமும் நாய்களோடு நடப்பார்கள். நகரசபை வெட்டித் தள்ளிய இடங்களில் களை கூடுவதையும், தாங்கள் நடக்கும்போது கைக்கு எட்டிய களையை மட்டும் பிடுங்கிப்போன இடங்களில் காடு தானாகத் திரும்புவதையும் வருடக்கணக்கில் கவனித்தார்கள். அதிலிருந்து மூன்று விதி. நன்றாக இருக்கிற இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போ. மண்ணை முடிந்த அளவு கலைக்காதே, விலக்கிய சருகைத் திருப்பிப் போட்டு மூடு. காடு எவ்வளவு வேகத்தில் முளைக்கிறதோ அதற்கு மேல் வேகமாகக் களை எடுக்காதே.

மூன்றாவதுதான் கஷ்டம். ஆர்வத்தோடு வருகிற புது ஆள் லான்டானாப் புதரைப் பார்த்ததும் அரிவாளைத் தேடுவார். நாம் அவரை ஒரு கோரைத் திட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நடுவில் இருக்கும் பத்துக் களைக்கன்றைப் பிடுங்கச் சொல்வோம். அவருக்கு மனசு ஆறாது. எனக்கும் ஆறவில்லை. இரண்டாம் வருடம் அந்தக் கோரைத் திட்டு ஒரு முழம் அகலமாகி இருந்தது. நாங்கள் யாரும் எதையும் நடவில்லை.

லான்டானாவை ஒரேயடியாக எடுக்காததற்கு இன்னொரு காரணம் குருவி. ஃபேரி ரென் என்று ஒன்று, ஆணுக்குத் தலையும் கன்னமும் நீலமாக மின்னும், கட்டைவிரல் அளவுதான். உள்ளூர் முட்புதர் அழிந்துபோன இடத்தில் அது லான்டானாவுக்குள்தான் ஒளிந்து பிழைக்கிறது. புதரை வழித்தால் பூனைக்கும் பெரிய பறவைக்கும் இரையாகும். ஆகவே ஒரு துண்டு எடுத்து, அங்கே பர்சேரியா என்ற உள்ளூர் முட்செடி வளர்ந்து குருவி குடிபோன பிறகுதான் அடுத்த துண்டு.

வைகைக்கரை

சரி, இது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் இதையே ஊரில் பார்த்திருக்கிறேன். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எங்கள் பக்கம் கண்மாய் கண்மாயாக இயந்திரம் இறங்கியது. அடுத்த மழைக்கு, வெட்டிய கட்டை துளிர்த்தது, கிளறிய மண்ணில் கன்று முளைத்தது. வேரோடு எடுத்தோம், அப்புறம் யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் அந்த மரத்தில்தான் கூடு கட்டுகின்றன என்பதை அன்றைக்கு யாரும் பேசவும் இல்லை.

திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்த ஏழெட்டுப் பேர் போல.

பனங்காடு

எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது, மனதில் வைத்திருக்காமல் கேட்டுவிடுகிறேன். உள்ளூர்ச் செடி நல்லது, வெளியூர்ச் செடி ஆபத்து, பிடுங்கி எறி. இந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அகதியாக வந்தவன் நான். "நீ இந்த இடத்துக்கு உரியவன் இல்லை" என்பதை இரண்டு நாட்டில் கேட்டிருக்கிறேன். தமிழிலேயே சில கட்டுரைகளில் இந்தச் செடிகளை வந்தேறி என்று எழுதுகிறார்கள். மனிதரை ஏசுகிற சொல் அது. புதராக இருந்தாலும் பச்சைதானே, விட்டுவிடக் கூடாதா?

ஓடைக்கரை

பனங்காடு அண்ணா, அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை, எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் வேண்டாம் என்று சொல்வேன். ஊடுருவும் களை என்றால் போதும். அது செய்கிற காரியத்தைச் சொல்கிறது, பிறந்த இடத்தைச் சொல்லவில்லை.

நாம் பார்ப்பதும் செய்கிற காரியத்தைத்தான். உங்கள் வீட்டு மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். அவை வேலி தாண்டி ஓடைக்குள் போய் எதையும் மூடவில்லை, ஆகவே அவை களை இல்லை. எங்கள் ஓடைக்கரையில் நிற்கிற ஃபாரஸ்ட் ரெட் கம் மரம் இருக்கிறதே, யூகலிப்டஸ் டெரெடிகார்னிஸ். அதை இங்கே பொந்துக்காகவும் பூவுக்காகவும் கண்ணைப் போலப் பார்க்கிறோம், கிளியும் பொசம் என்ற மரவிலங்கும் அதில்தான் குடியிருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காடு என்று மக்கள் கோபப்படுவது அதே இனத்தைத்தான். அங்கே அதன் இலையைத் தின்கிற பூச்சியும் அதிகம் இல்லை, அதோடு சேர்ந்து வாழப் பழகிய பறவையும் இல்லை. நம் கருவேலத்தையும் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் ஆட்டுக்கு நிழலும் தீனியும் என்று கொண்டுபோய் நட்டார்கள். இன்று லட்சக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியை அது முள்காடாக்கிவிட்டது. ஊரில் அதே மரத்தடியில்தான் ஆடு படுத்திருக்கும்.

மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கொண்டுவந்து நட்டது மனிதர். ஆகவே எடுத்துச் சரிசெய்வதும் மனிதர் வேலை என்று நினைக்கிறேன்.

இந்த மண் இங்கத்தைய ஆதிக்குடிகளான டாருக் மக்களுடையது. பல்லாயிரம் வருடம் சின்னச் சின்னத் தீ வைத்துப் புல்லையும் காட்டையும் பேணியவர்கள் அவர்கள். அவர்களை விரட்டிய பிறகுதான் இந்தக் காடு உழப்பட்டதும் வேலி போடப்பட்டதும். இடத்தை இழப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் நாம். எனக்கு அந்த ஓடைக்கரையில் உட்காரும்போது முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

பனங்காடு

இப்படி யோசிக்கவில்லை. நன்றி தங்கச்சி. முழுக்கத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒருநாள் வந்து பார்க்கிறேன்.

குருமணல்

நகரசபை அலுவலர் இன்று வந்தார். பையை எடுத்துக்கொண்டு என்னோடு ஓடைக்கு நடந்தார். அம்மாவும் வந்தார். அலுவலர் கேட்ட முதல் கேள்வி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்பதுதான். நாங்கள் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தோம். ஓடையில் மேலே மேலே நடந்து இன்னும் இரண்டு இடம் கண்டுபிடித்தார். எந்த வீட்டுக் கொல்லையிலிருந்தோ வந்திருக்கலாம் என்று அந்தத் தெருவில் கதவு தட்டப் போகிறார்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் ஒத்துக்கொண்டேன், இங்கே எழுதியதையே வைத்து எழுதலாமா?

இன்னொரு கேள்வி. மருந்து அடிப்பார்களா? தவளைச் சத்தம் கேட்கிற இடம் அது.

தென்துருவம்

தாராளமாக எழுதுங்கள். காம்பு, காம்பில்லாமை, இந்த வித்தியாசத்தைப் படமாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். நம் ஆட்களுக்கு ஆயிரம் சொல்லை விட அது போதும்.

மருந்துக்கு முன்னால், வண்டைப் பற்றி மேலே வந்ததால் ஒன்று சொல்கிறேன். இலங்கைக் குளங்களை மூடிய சல்வீனியா 1939இல் கொழும்புக்குப் படிப்புக்காகக் கொண்டுவந்த செடி, அங்கிருந்து தப்பியது. அதை அடக்க எத்தனையோ பாடுபட்டார்கள், ஒரு பூச்சியும் சரிப்படவில்லை. காரணம், செடியையே வேறு இனம் என்று தவறாகப் பெயரிட்டிருந்தார்கள், தவறான இனத்துக்கு உரிய பூச்சியைத் தேடினார்கள். சரியான இனம் எது என்று 1970களில் தெரிந்து, தென்கிழக்கு பிரேசிலில் அதன் சொந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்த கூன்வண்டை எடுத்து 1980இல் குயின்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசா ஏரியில் விட்டார்கள். ஏரி திறந்தது. சில வருடத்தில் அதே வண்டு இலங்கைக்கும் போனது. பெயரைச் சரியாகப் பார்க்காமல் எந்தக் கை வைத்தாலும் வீண் என்பதை நான் அதில்தான் புரிந்துகொண்டேன்.

ஓடைக்கரை

அலிகேட்டர் வீட் களைக்கு அலுவலர்கள் மருந்தும் பயன்படுத்துவார்கள், சில இடத்தில் மண்ணோடு தோண்டியும் எடுப்பார்கள். தண்ணீர் அருகில் அதற்கென்று அனுமதித்த கலவை மட்டும்தான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியோடு கலக்கிற சோப்பு மாதிரிப் பொருள்தான் தலைப்பிரட்டைக்குக் கேடு, அது இல்லாத வகையைத்தான் நீர்நிலையில் எடுக்க வேண்டும்.

எங்கள் குழுவில் தெளிப்பதே இல்லை. ப்ரிவெட் மாதிரிக் கட்டைச் செடியை அடியோடு வெட்டி, வெட்டுவாயில் சில வினாடிக்குள் தூரிகையால் ஒரு துளி பூசுவோம். தாமதித்தால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது. மடீரா கொடியை வெட்டவே கூடாது. கொடி முழுக்கச் சின்னச் சின்னக் கிழங்கு தொங்கும், வெட்டினால் அத்தனையும் மண்ணில் உதிர்ந்து முளைக்கும். தண்டைச் சுரண்டிப் பூசுவோம்.

மிச்சம் எல்லாம் கைவேலை. டிராட் என்று ஒரு தரைக்கொடி, அதைப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிக்கொண்டே போகலாம், ஒரு கணு விட்டால் திரும்ப வரும். எனக்குப் பிடித்தது அஸ்பராகஸ் ஃபெர்ன். நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு. கீழே கொத்துக் கொத்தாகக் கிழங்கு இருக்கும், புது ஆட்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துக் களைத்துப்போவார்கள். தேவையே இல்லை. அந்தக் கிழங்கில் வெறும் தண்ணீர்தான், அது முளைக்காது. தண்டும் வேரும் சேருகிற கொண்டையைக் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்தால் செடி முடிந்தது. கிழங்கு மண்ணிலேயே மக்கட்டும், மண்ணும் கலையாது. ஒரு கொண்டை சுத்தமாகக் கழன்று கையில் வரும்போது கிடைக்கிற திருப்தி இருக்கிறதே, அதற்காகவே நான் மறுவாரம் போவேன்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. நாணலையும் சம்பையும் பார்த்துக் களை என்று பிடுங்க வராதீர்கள். இரண்டும் இந்தச் சதுப்புக்கே உரியவை.

வைகைக்கரை

ஞாயிறு போய் வந்தேன். கொண்டை அறுக்கக் கற்றுக்கொண்டேன், பதினேழு எடுத்தேன். என் மகள் எடுத்தது இருபத்திரண்டு. சருகை மூடிப் போடச் சொன்னதை அவள்தான் எனக்கு நினைவுபடுத்தினாள். நீளக் கால்சட்டையும் முழு ஷூவும் கட்டாயம், பாம்பு இருக்கிற இடம். கொசு மருந்தும் எடுத்துப்போங்கள். பதினோரு மணிக்கு தேநீர் நிறுத்தம் உண்டு. பனங்காடு அண்ணா எங்களோடு வந்தார், அவர் கேட்ட கேள்விகளுக்கு மேற்பார்வையாளர் அரை மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குருமணல்

கடைசியாக ஒரு தகவல் சொல்லிவிட்டு இழையை விடுகிறேன். அலுவலர்கள் மூன்று இடத்தையும் அடையாளக் கொடி நட்டுக் குறித்துவிட்டார்கள். இனி வருடக்கணக்கில் வந்து பார்க்க வேண்டுமாம். மேல்தெருவில் ஒரு வீட்டுக் கொல்லையில் இதே செடி இருந்தது. வயதான ஒரு தம்பதி, நம் ஊர்க்காரர்கள்தான். அம்மாதான் போய்ப் பேசினார். அந்தப் பாட்டி அழுதாராம், ஓடைக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்று.

தென்துருவம் ஐயா சொன்ன டென்டிகுலாட்டாவை உள்ளூர்ச் செடி நாற்றங்காலில் கேட்டு இரண்டு தொட்டி வாங்கினேன். ஒன்று அந்தப் பாட்டிக்கு. மற்றதில் நேற்று முதல் கிள்ளு. அம்மா தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறை செய்தார். "கொஞ்சம் கயர், ஆனா அதுதான்" என்றார். மிச்சத் தண்டு ஒன்றை இன்னொரு தொட்டியில் ஊன்றி வைத்திருக்கிறார்.